அக்கா பின்னால் நிற்கிறாள்

மாலை வெயில் சன்னல் வழியாக வந்து பயிற்சிக்கூடத்தின் ரப்பர் தரையில் விழுந்து கிடக்கிறது. தங்கை தோளில் எடைக் கம்பியைத் தாங்கியபடி உட்கார்ந்து எழுகிறாள். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அக்கா பின்னால் நிற்கிறாள். எடைதூக்கும் அணியில் மீதமிருப்பது ஒரே இடம். அதற்காகத்தான் இருவருமே உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்கிறார்கள். தங்கை களைத்துவிட்டாள். மூச்சு இரைக்கிறது, முழங்கால்கள் உள்ளே சாய்கின்றன, கீழ்முதுகு கூன்போட்டு வளைகிறது. கம்பியின் இரும்புத் தட்டுகள் உரசிக் கிணுகிணுக்கின்றன. எப்படியோ எழுந்து நின்றவள், திரும்பிப் பார்க்க முடியாமல் கேட்கிறாள்: “அக்கா, முதுகு நேரா இருக்கா?” அக்கா வியர்வையில் பனியன் ஒட்டிய அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். “நேராத்தான் இருக்குடி. இன்னொண்ணு போடு.” “சரிக்கா” என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தங்கை மறுபடியும் கீழே இறங்குகிறாள்.