படிப்பதும் பாடுவதும்

தாமரைச்செல்வி வீட்டு சிடி பிளேயர் இசைத்தட்டைத் தானே படிக்கும், தானே பாடும். கொஞ்ச நாளாக அதன் குரல் கரகரத்தது.

ஒருநாள் அவள், தட்டிலிருந்து படித்தெடுத்த எண்களை இசையாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"என்னைத் தூக்கிப் போடத்தான் வந்தியா?" என்று பிளேயர் கேட்டது.

"ஐயோ அண்ணே, எனக்குத் தட்டைப் படிக்கவே தெரியாது. நீங்க படிச்சுச் சொன்னாத்தான் நான் பாட முடியும்" என்றது பெட்டி.

பிளேயர் நம்பவில்லை. தாமரைச்செல்வி இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தாள். பிளேயர் தயங்கித் தயங்கிப் படித்துக் கொடுக்க, பெட்டி பாடியது. வயலினில் வில் உரசும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. சமையலறைக்குக் கிளம்பியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா இதையா நான் படிச்சிட்டிருந்தேன்!" என்றது பிளேயர்.