காது எட்டிய நாள்

"ஒருத்தன் ரெண்டு பேர்னா சரி. அது எப்படிம்மா லோடிங் செட்டு மொத்தமும் ஒரே நாள்ல பொறந்திருக்கும்?"

மேனேஜர் கத்திய கத்தலில் அவள் ஓரடி பின்வாங்கினாள். நல அதிகாரியாகச் சேர்ந்து இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. எப்படி என்பது அவளுக்கும்தான் புரியவில்லை.

அது ஒரு சர்க்கரைக் கிடங்கு. காலையில் வேலை தொடங்கும்போது மைக்கில் 'இன்றைய நாள்' படிப்பது அவள் கொண்டுவந்த ஏற்பாடு. இதே தேதியில் எங்கே போர் முடிந்தது, எந்த ராஜா முடியிழந்தான், எந்த விஞ்ஞானி பிறந்தார் என்று படித்துவிட்டு, கடைசியில் கிடங்கில் அன்று பிறந்தவரின் பெயரையும் சொல்வாள். பெயர் வந்தவருக்குச் சம்பளத்தோடு அரை நாள் லீவு. தலைமை அலுவலகம் பாராட்டி ஒப்புக்கொண்டது. மேனேஜர் மட்டும், "என் பேரை அதுல சேர்க்காதீங்க. இந்தக் கேக்கு, கைதட்டலெல்லாம் எனக்கு ஆகாது" என்று அப்போதே வெட்டிவிட்டார்.

இன்று காலை மைக்கில் ஒரு குத்துச்சண்டை வீரர் பிறந்தார், ஒரு பாடகி பிறந்தார். அவர்கள் பின்னாலேயே மூட்டை தூக்கும் ஆட்கள் அத்தனை பேரும் பிறந்தார்கள். படித்துக்கொண்டே போனவளுக்குப் பாதியிலேயே குரல் தடுமாறிவிட்டது. ஆட்களோ மூட்டை இழுக்கும் கொக்கிகளைச் சுவரில் மாட்டிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே ரயில் வேகன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"சாயங்காலத்துக்குள்ள வேகன் நிறையலைன்னா உங்க மைக்கும் கிடையாது, உங்க வேலையும் கிடையாது" என்றார் மேனேஜர். பிறகு குரலை இறக்கினார். "போங்க. அவனுங்க என்ன சொல்றானுங்கன்னு ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டு வாங்க."

கிடங்குக்குள் வெக்கை. வியர்வையும் சர்க்கரையும் கலந்து ஆட்களின் கழுத்தில் பிசுபிசுத்தன. செட்டின் தலைவர் மூட்டை அடுக்கில் சாய்ந்திருந்தார். கொக்கி என்று சொன்னால்தான் அவரை யாருக்கும் தெரியும்.

"அண்ணே, நெசமாச் சொல்லுங்க. இன்னைக்குப் பொறந்தது யாரு?"

"எல்லாரும்தான்மா."

"எங்க அம்மாங்க எல்லாம் கூடிப் பேசிப் பெத்துக்கிட்டாங்க" என்றான் பக்கத்தில் நின்ற மொட்டை.

"சும்மா இருடா. இவன் என் அக்கா மகன்மா. நானும் இவனும் ஒரே நாள், ஒரே வருஷம்."

"மாமனும் மருமகனுமா?"

"ரெட்டைப் புள்ளைங்க மாதிரி. எனக்கு நரைச்சிருக்கு, அவனுக்கு நரைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது. முகத்தைப் பார்த்துவிட்டுக் கொக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அணை கட்டுற இடத்துல பொறந்தவங்கம்மா நாங்க. அப்பா அம்மா எல்லாம் கல்லு சுமந்தாங்க. ஒரு நாள் ஒரு வாத்தியார் வந்து, தகரக் கொட்டகையில பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு. புள்ளைங்க எப்பப் பொறந்துச்சுன்னு கேட்டா, ஒருத்தி 'கிரேன் சாஞ்சுதே, அதுக்கு மறுநாள்'ங்கிறா. எங்கம்மா, 'வெடி வெடிச்சு மேஸ்திரி செத்தாரே, அன்னைக்கு'ங்கிறா. நீங்க மைக்ல சொல்ற மாதிரியேதான். ஆனா தேதி ஒருத்திக்கும் தெரியல."

"அப்புறம்?"

"வாத்தியார் எங்களை வரிசையா நிறுத்தினாரு. தலைக்கு மேல கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடுங்கடான்னாரு. தொட்டா அஞ்சு வயசு ஆயிடுச்சுன்னு அர்த்தம். தொட்டவனுக்கெல்லாம் அன்னைக்குத் தேதியையே பிறந்த நாள்னு எழுதிட்டாரு."

மொட்டைக்கு நினைவு கிளம்பிவிட்டது. "ஒருத்தனுக்கு மட்டும் எட்டலைம்மா. குட்டைக் கை. அடுத்த வருஷம் வாடான்னுட்டாரு. என்ன அழுகைங்கிறீங்க! அவங்கம்மா கல்லுக் கூடையைப் போட்டுட்டு ஓடி வந்து, அவன் தலையை ஒரு பக்கமா வளைச்சுப் பிடிச்சாங்க. எட்டிடுச்சு!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. "அது உங்கள்ல யாரு?"

மொட்டை வாயைத் திறந்தான். கொக்கியின் முழங்கை அவன் விலாவில் இறங்கியது.

"அவன் மட்டும் விடாமப் படிச்சான். எங்கேயோ நல்லா இருப்பான், விடுங்கம்மா." கொக்கி எழுந்து சுவரிலிருந்து தன் கொக்கியை எடுத்தார். "மேனேஜர் கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. உங்க வேலைக்கு உலை வச்சுட்டு எங்களுக்கு என்ன லீவு? எந்திரிங்கடா, வேகனை நெரப்புவோம்."

அவள் குழப்பம் தீராமலே மாடியேறி மேனேஜர் அறைக்குப் போனாள். காது தொட்ட கதையைச் சொன்னால் இந்த மனிதர் கேலி செய்வார், அந்த ஆட்களுக்கு எதற்கு அந்த அவமானம் என்று தோன்றியது. சுருக்கமாக முடித்தாள்.

"பள்ளிக்கூடத்துல சேர்த்த தேதியையே பிறந்த நாள்னு எழுதிட்டாங்களாம் சார். அவங்க மேல தப்பில்ல. மூட்டை ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க."

மேனேஜர் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கீழே மூட்டைகள் வேகனை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல சார்."

"ஏத்தி முடிக்கட்டும். நாளைக்கு அவங்க எல்லாருக்கும் லீவு குடுத்துடுங்க. முழு நாள்."

காலையில் கத்திய மனிதரா இவர்? அவள் விழித்தபடி கதவுவரை போய்விட்டாள்.

"ஏம்மா..." அவர் திரும்பவில்லை. "காது எட்டாத பையன் ஒருத்தன் இருந்தானே, அவனைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"எங்கேயோ நல்லா இருப்பான்னு சொன்னாங்க சார்" என்று அவள் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, காதைப் பற்றி அவரிடம் தான் வாயே திறக்கவில்லை என்பது.