வந்து போகலாம்

"லண்டன்காரங்கள் சட்டம் எண்டு ஒண்டு வைச்சிருந்தாங்கள் பார், நினைச்சால் இண்டைக்கும் எனக்கு வயிறு எரியும்!"

நீக்கிலாஸ் மாஸ்டர் தொடங்கிவிட்டார். ரொறொன்ரோவின் வோபர்ன் பகுதியில் இருக்கும் அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்றால் மொன்செறாற் கதையும் கூடவே வரும். கரீபியன் கடலில் பிரித்தானியா வைத்திருக்கும் அந்தக் குட்டித் தீவில் பத்து வருடம் கணக்குப் படிப்பித்தவர். எரிமலை வெடித்து ஊரே சாம்பலில் புதைந்த பிறகுதான் குடும்பத்தோடு கனடாவுக்கு வந்தார். பிறந்த மன்னாரை நினைத்துக்கூட அழாத மனிதர், அந்தத் தீவின் பெயரைச் சொன்னால் மூக்கை உறிஞ்சுவார்.

எதிரே கிளடிஸ், நண்டுக் கறியைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தீவின் கறுப்பினப் பிள்ளை. அங்கே அடுத்த வீடு. மாஸ்டரின் மகன் மாக்கஸோடு மண் அளைந்து வளர்ந்தவள், இப்போது இங்கேயே நேர்ஸ்.

"இவளின்ர தாய்தான் மாக்கஸ் பிறந்தவுடன முதல் கையில ஏந்தினது. என்ன மாதிரிச் சனம்! மாம்பழம் பழுத்தால் முதல் பழம் எங்கட வீட்டுக்குத்தான். அந்தக் கறுப்பு மணல், அந்தக் காத்து... இனிக் கிடைக்குமே?"

"கிடைக்காது மாமா" என்றாள் கிளடிஸ், சின்னதில் பழகிய தமிழில்.

"அந்தச் சனத்துக்கு ராணியின்ர முடி போட்ட பாஸ்போட் கையில. ஆனால் லண்டனில குடியிருக்க உரிமை இல்லை! எரிமலை வெடிச்ச பிறகும், 'வாங்கோ, ரெண்டு வருசம் நில்லுங்கோ' எண்டுதான் முதல்ல சொன்னாங்கள். முழுக் குடியுரிமை பிறகு எவ்வளவு காலம் கழிச்சு வந்தது! தீவு வேணும், சனம் வேண்டாம். மனிசரோ அவங்கள்?"

கிளடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரில் இருந்த ஆட்டுச் சூப்பை எடுத்துவரப் போனாள். அவர்கள் தீவுச் சூப். அது இல்லாமல் மாஸ்டருக்குச் சோறு இறங்காது.

முப்பத்தைந்து தாண்டியும் எந்தச் சம்பந்தத்துக்கும் தலையாட்டாத மாக்கஸ், மெல்லச் செருமினான்.

"அப்பா, நானும் கிளடிஸும் கலியாணம் செய்யப்போறம்."

மாஸ்டரின் கையில் இருந்த நண்டுக்கால் வாய்க்குப் போகாமல் நின்றது.

"உது சரிவராது."

"ஏனப்பா?"

"அவள் தங்கமான பிள்ளை. ஆர் இல்லையெண்டது? ஞாயிறு ஞாயிறு வரட்டும், சாப்பிடட்டும், இருந்து கதைச்சிட்டுப் போகட்டும். குடும்பத்துக்குள்ள எடுக்கிறது வேற கதை. எங்கட ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

வாசலில் கிளடிஸ் சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது.

இவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் பரிமாறிக்கொண்டிருந்த மனைவி மரியம்மா, அகப்பையைச் சட்டியில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, லண்டன்காரனும் இதைத்தானே சொன்னவன்?"