நடுங்கிய கை

"கை நடுங்குது டாக்டர். ரெண்டாள் சோறு துண்றான், ஆனா எளைச்சுக்கினே போறான். அப்பன் மாதிரி இவனும் குடிக்கிறானோன்னு பயமா கீது," என்றாள் ராயபுரம் பிலோமினா.

டாக்டர் அவள் மகன் எட்வினின் நாடியைப் பிடித்தார். பிதுங்கிய கண்களையும் வீங்கிய கழுத்தையும் பார்த்தார்.

"குடியில்லம்மா, தைராய்டு. கழுத்துல இருக்கற சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்குது. மாத்திரையில அடங்கிடும். கவனிக்காம விட்டா இதயத்தைக் கெடுத்துடும். குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா? இவன் அப்பாவுக்கு?"

"அந்தாளு ஹார்பர்ல சரக்கு தூக்குற வின்ச் ஓட்டுன மொடாக்குடியன். கை நடுங்கும், வேர்த்து ஊத்தும், முழி பிதுங்கிக்கினு நிக்கும். ஆனா வாயில மட்டும் நாத்தமே வந்ததில்ல. அவ்ளோ கள்ளத்தனமா..."

பிலோமினா திரும்பி மகனின் பிதுங்கிய கண்களைப் பார்த்தாள்.

"அவரையும் கூட்டிட்டு வாங்கம்மா. குணப்படுத்திடலாம்."

"நெஞ்சு வலி வந்து ரோட்டுலயே செத்துட்டாரு. ஒரு வருஷமாச்சு."

சாவதற்குச் சில நாள் முன்பு, ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்று மாதா கோயிலில் சிலுவையைப் பிடித்துச் சத்தியம் செய்தான் அவள் புருஷன் சவரிமுத்து. அப்போதும் அவன் கை நடுங்கியது.

பொய்ச் சத்தியம் செய்கிறவனுக்குத்தான் கை நடுங்கும் என்று சொல்லி, அன்றைக்கே அவனை வீட்டைவிட்டுத் துரத்தினாள் பிலோமினா.