நாற்பது நாள் நல்லெண்ணெய்

வெறும் வயிற்றில் கொப்பளித்த நல்லெண்ணெய் பால்போல் வெளுத்ததும் செங்கமலம் துப்பினாள். இன்றோடு நாற்பது நாள். இத்தனை நாளும் புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டுதான் யாரிடமும் பேசினாள்.

ஹாலில், கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவன் தணிகைவேலின் முகத்தருகே குனிந்தாள்.

“இன்னிக்காவது பரவாயில்லையாங்க?”

அவன் துண்டால் மூக்கைப் பொத்தினான். “சாக்கடையில மூஞ்சிய வச்ச மாதிரி இருக்கு. பேசாம உங்கம்மா வீட்டுக்குப் போயிடு. நாத்தம் போனப்புறம் பார்க்கலாம்.”

“பல் டாக்டர் நாத்தமே இல்லைன்னாரே?”

“அவரு மாஸ்க் போட்டிருந்திருப்பாரு. என் மூக்கு பொய் சொல்லுமா?”

“ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?”

“உன்னை விட்டுத் தள்ளி, இங்க வந்து படுத்ததால பிழைச்சேன்.”

செங்கமலம் விளக்குமாற்றைக் கட்டிலுக்கு அடியில் விட்டு இழுத்தாள். அழுகிய எலி ஒன்று வந்து விழுந்தது.

“ரெண்டு நாளா கிடக்கு. வேணும்னேதான் விட்டு வச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்களே வந்து என்ன நாத்தம்னு கேட்டுட்டாங்க. கொரோனாவுல போன மோப்பம் உங்களுக்கு இன்னும் திரும்பவே இல்ல, அப்படித்தானே?”

மூக்கிலிருந்த துண்டு நழுவியது.

எண்ணெய் பாட்டிலை அவன் கையில் திணித்தாள்.

“நான் எங்கயும் போகல. பொய் சொன்ன வாய் உங்களோடது. நாளையிலேருந்து நீங்க கொப்பளிங்க!”