வெறுமையான கட்டம்

யார் வந்தார்கள், யார் வரவில்லை என்றெல்லாம் பல்கலைக்கழகத்தில் எவரும் பார்ப்பதில்லை என்று என் அறைத்தோழி லுயாண்டோவின் தலையில் யார் ஏற்றினார்கள்? லுசாகாவின் அக்டோபர் வெயிலில் வகுப்பறையின் தகரக் கூரை முறுகுகிறது. இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வருகைத்தாள் என் மடிக்கு வருகிறது. லுயாண்டோ பையை மாட்டிக்கொண்டு என் காதருகே குனிகிறாள். “எனக்கும் சேத்துப் போட்ருடி, முதிந்தா. முதல் வருஷத்தை எவன் கணக்குல எடுக்கிறான்?” “போன வாரமே கையெழுத்தை ஒப்பிட்டுப் பாத்தாங்க. மாட்டினா ரெண்டு பேருக்குமே பரீட்சை கிடையாது.” “பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் நடுங்காத! வாசல்ல பொரிச்சு விக்கிற விட்டும்புவா பணியாரம் சூடு ஆறிடும்.” அவள் போய்விடுகிறாள். மூன்று முறை அவளுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்று என் பெயருக்கு நேரே மட்டும் கையெழுத்திடுகிறேன். அவளுடைய கட்டம் வெறுமையாகவே பின்வரிசைக்குப் போகிறது.