கழலும் செயின்

“இன்னிக்கும் செயின் கழண்டுச்சுன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து நீ வராத.”

முட்டுக்காடு பாலத்துக்கிட்ட சைக்கிளை நிறுத்தி, முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள் பிரபா. ஜெரோம் தலையைச் சொறிந்தான்.

“நான் இன்னா பண்றது? கழலுது.”

இது பன்னிரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பிளஸ் டூ முடித்த கையோடு பிரபா ஆரம்பித்த பயிற்சி. மூன்றே பேர். முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு தடவையாவது நிற்காமல் மிதித்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி. ஒரு வாரம்கூட நடக்கவில்லை. எல்லாம் ஜெரோமால்தான்.

முதல் வாரம் ஒன்பது தடவை கழன்றது. அப்புறம் ஆறு. அப்புறம் நாலு. போன வாரம் கோவளம் தாண்டி ஒரே ஒரு தடவை. நடுவில் அவனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் புதுச் செயின் போட வைத்தாள். அதுவும் கழன்றது.

“கன்னியம்மா அக்காவைப் பாரு. நாப்பத்தஞ்சு வயசு. வாரம் பூரா சிறுசேரி கேன்டீன்ல நின்னுகினே வேலை. சுகருக்காக ஓட்ட வந்தவங்க. மொத நாளே இன்னா சொன்னாங்க? ‘எனக்காக யாரும் நிக்கக் கூடாது, நின்னா மறுவாரம் வரமாட்டேன்’னாங்க. அந்த ரோஷம் உனக்குக் கீதா?”

“இல்ல,” என்றான் ஜெரோம்.

கன்னியம்மா தண்ணீர் பாட்டிலை மூடினாள். “போதும், வெயில் ஏறுது. மிதிங்க.”

கோவளம். பிரபா திரும்பிப் பார்த்தாள். கன்னியம்மாவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

வடநெம்மேலி. எதிர்க்காற்று ஆளையே தள்ளியது. இதோ இப்போ கழலப்போகுது என்று பல்லைக் கடித்தாள். கழலவில்லை.

மாமல்லபுரம் வந்தேவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள் பிரபா. பன்னிரண்டு வார எரிச்சல் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே போனது. சிரிப்பு வந்தது.

“பாத்தியா, மெரட்டுனாதான் உன் செயின் ஒழுங்கா ஓடுது. இத மொதல்லயே செஞ்சிருக்கணும்.”

ஜெரோம் இளநீர் வண்டியைத் தேடுகிற மாதிரி வேறு பக்கம் பார்த்தான்.

கன்னியம்மா துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவனை வையாத, பிரபா. இத்தினி நாளும் நானும் தெரியாத மாதிரியே வந்துகினு இருந்தேன். எனக்கு எப்பல்லாம் மூச்சு வாங்குச்சோ, அப்பல்லாம்தான் அவன் செயின் கழண்டுச்சு. இன்னிக்கு எனக்கு வாங்கல.”